கீழே கடை, மேலே வீடு: தாம்பரத்தில் அடுக்கக வீடு வாங்குவோர் நிலப் பங்கைச் சரிபார்க்கும் முறை

2021ஆம் ஆண்டு 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் இணைத்து உருவாக்கப்பட்ட தாம்பரம் மாநகராட்சியின் பழைய குடியிருப்புப் பகுதிகளில் காலி மனை அரிதாகிவிட்டதால், குரோம்பேட்டை, சிட்லபாக்கம், சேலையூர் போன்ற இடங்களில் தனி வீடுகள் இடிக்கப்பட்டு, அதே மனையில் கீழ்த்தளத்தில் கடைகளும் மேல்தளங்களில் வீடுகளுமாக அடுக்ககங்கள் எழுகின்றன. நகரமைப்பியலார் ஊடுநிரப்புக் கட்டுமானம் என்று வகைப்படுத்தும் இத்தகைய கட்டடத்தில் வீடு வாங்குவோர் சமையலறை மேடையின் கல்லையும் குளியலறைக் குழாயின் நிறுவனப் பெயரையும் துருவித் துருவி விசாரிக்கின்றனர். கட்டடம் பழையதாகி இடிக்கப்படும் நாளில் கையில் மிஞ்சப்போகும் ஒரே சொத்தாகிய நிலப் பங்கைப் பற்றியோ, பத்திரத்தில் கையெழுத்திடும் வரை பெரும்பாலோர் கேட்பதில்லை.

தொடக்கப் பணிகள் எல்லோரும் அறிந்தவையே. தாய்ப் பத்திரம், பட்டா, குறைந்தது 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று ஆகியவற்றை ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்துக் கருத்துரை பெற வேண்டும். அவர் கட்டுநர் பரிந்துரைத்த வழக்கறிஞராக இருக்கக் கூடாது. மனையை ஒருமுறையேனும் ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்று பார்ப்பதும் கட்டாயம். 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டை அறிந்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, விற்பவர் யார் என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். பழைய வீட்டு மனைகளில் கட்டுநர் நிலத்தை விலைக்கு வாங்குவது குறைவு. நில உரிமையாளரோடு கூட்டு வளர்ச்சி ஒப்பந்தம் செய்து, அதாவது நிலம் ஒருவருடையது, கட்டும் செலவு மற்றவருடையது, முடிந்த கட்டடத்தில் இருவருக்கும் பங்கு என்ற ஏற்பாட்டில் இறங்கி, தமக்குரிய பங்கை விற்பதற்குப் பொது அதிகார ஆவணம் பெற்றுக்கொள்கிறார். எந்தத் தளம் யாருடையது என்பது அவ்வொப்பந்தத்தில்தான் இருக்கும் என்பதால் அதன் நகலைக் கேட்டுப் பெற வேண்டும். இறந்துபோன தந்தையின் பெயரில் இருந்த வீடாயின், வாரிசுகள் அனைவரும் அதிகாரம் அளித்துள்ளனரா என்பதை வாரிசுச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். வெளிநாட்டில் இருக்கும் ஒரு மகளின் கையெழுத்து விடுபட்டாலும் சிக்கல் வாங்குபவர் தலையில்தான் விடியும்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் இவற்றையெல்லாம் முன்பே சோதித்திருக்கும் என்று நம்பியிருக்கவும் இயலாது. மனையின் பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ, அலகுகளின் எண்ணிக்கை 8ஐத் தாண்டாவிட்டாலோ பதிவு தேவையில்லை என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு விலக்களிக்கிறது. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. இரண்டு கிரவுண்டு மனை ஏறத்தாழ 446 சதுர மீட்டர்தான். எனவே ஊடுநிரப்புக் கட்டடங்களில் பல இவ்விலக்கைக் காட்டியே விற்பனைக்கு வருகின்றன. சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் வாங்குபவரிடமே வந்து சேர்கிறது.

இனி நிலப் பங்கு. அடுக்ககத்தில் மனையைக் கூறுபோட்டு வேலியிட முடியாது என்பதால், ஒவ்வோர் அலகுக்கும் மனையில் இத்தனை சதுர அடி என்று எழுதித்தரப்படும் பொது உரிமையே பிரிபடாத பங்கு. தரகர் வழக்கில் இது யு.டி.எஸ். எனப்படும். கணக்கு எளியது: வீட்டின் விற்பனைப் பரப்பை எல்லா அலகுகளின் மொத்த விற்பனைப் பரப்பால் வகுத்து, நிலத்தின் பரப்பால் பெருக்கினால் பங்கு கிடைக்கும். எளிய இக்கணக்கு மூன்று இடங்களில் சறுக்குகிறது.

முதல் சறுக்கல் நிலத்தின் பரப்பிலேயே இருக்கிறது. சாலை அகலப்படுத்தலுக்காக மனையின் முன்பகுதியில் ஒரு துண்டைத் தானப் பத்திரத்தின் வழியே உள்ளாட்சிக்கு ஒப்படைக்கும் நிலை வருவதுண்டு. 60 அடிக்கு 80 அடி என்ற 4,800 சதுர அடி மனையில் முகப்பு நெடுக 4 அடி போனால் மிஞ்சுவது 4,560. அந்த மனையில் 1,500 சதுர அடிக்குக் கடைகளும் தலா 1,000 சதுர அடியில் 8 வீடுகளும் இருப்பதாகக் கொண்டால் மொத்தப் பரப்பு 9,500. ஒரு வீட்டின் பங்கு 480 சதுர அடி. பழைய 4,800ஐ வைத்தே கணக்கிட்ட அட்டவணை 505 என்று காட்டும். வாங்குபவர் மகிழ்ந்துபோகிறார், கூடுதலாகத் தெரியும் 25 சதுர அடி சாலையில் கிடக்கிறது.

இரண்டாவது சறுக்கல்தான் கலப்புப் பயன்பாட்டுக் கட்டடங்களுக்கே உரியது, இடர் மிகுந்ததும் அதுவே. கடைகள் பெரும்பாலும் நில உரிமையாளரின் பங்காக நிற்கின்றன. கடைக்கு மதிப்பு அதிகம் என்ற காரணத்தைக் காட்டிப் பரப்பின்படி 720 சதுர அடி பெற வேண்டிய கடைகளுக்கு 1,200 சதுர அடி எழுதிவிட்டால், வீடு ஒன்றுக்கு 420தான் எஞ்சும். சதுர அடி நிலம் 7,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் இந்த 60 சதுர அடிக் குறைவின் மதிப்பு 4,20,000 ரூபாய். மதிப்பின்படி பங்கு பிரிப்பது முறையற்றது என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் அப்படிப் பிரித்திருந்தால் அது வீட்டின் விலையில் குறைவாக வெளிப்பட வேண்டும். நிலப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்த கூட்டு மதிப்பில் முதல் விற்பனையைப் பதிவு செய்யும் முறை 2023 டிசம்பரில் வந்தபின், பேச்சு முழுவதும் வீட்டின் சதுர அடி விலையைச் சுற்றியே நடப்பதால், இந்த வேறுபாடு கண்ணில் படுவது இன்னும் அரிதாகிவிட்டது.

மூன்றாவது, யாருக்கும் எழுதாமல் கட்டுநர் கைவசம் வைத்துக்கொள்ளும் மிச்சப் பங்கு. மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைக் குறிக்கும் தளப்பரப்புக் குறியீடு, உயரமில்லாக் கட்டடங்களுக்கு 2 என்று 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் கூறுகின்றன. அரசுக்குக் கட்டணம் செலுத்தினால் தெருவின் அகலத்தைப் பொறுத்து அதன்மேல் 30 முதல் 50 விழுக்காடு வரை கூடுதல் பரப்பும் பெறலாம். மிச்சப் பங்கு இருக்கும் இடத்தில் பின்னொரு நாள் மொட்டை மாடியின்மேல் ஒரு தளம் எழும்புவதற்கான வாசல் திறந்தே இருக்கிறது.

மூன்றையும் ஒரே மூச்சில் பிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. எல்லா அலகுகளின் பங்கு அட்டவணையையும் எழுத்தில் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பங்கும் அலகின் பரப்பு விகிதத்தில் உள்ளதா என்று ஒப்பிட்டு, பங்குகளைக் கூட்டிப் பார்த்தால் போதும்; கூட்டுத்தொகை தானப் பத்திரத்துக்குப் பிந்தைய நிலப் பரப்புக்குச் சரியாக இருக்க வேண்டும், ஒரு சதுர அடி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அட்டவணை தர மறுப்பவரிடம் வீடு வாங்காதிருப்பதே முறை. தந்தாலும் அதை அப்படியே நம்பாமல், பதிவுத்துறை இணையதளத்தில் அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால், முன்பே விற்ற வீடுகளுக்கு எழுதிய பங்கு பத்திர வாரியாகத் தெரியும். கட்டணமில்லாத இவ்வேலைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது என்றபோதும் செய்வோர் மிகச் சிலரே.

பங்கு சரியாக வந்தபின், ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கீழ்த்தளத்தைச் சுற்றி வர வேண்டும். வரைபடத்தில் வாகன நிறுத்தம் என்று குறித்த இடத்தில் ஷட்டர் தொங்கினால், அந்தக் கடை விதிமீறல். பணிமுடிப்புச் சான்று தேவைப்படும் கட்டடமாயின் அதுவே சான்றுக்கும், அதைத் தொடர்ந்து மின் இணைப்புக்கும் தடையாகும். தூண்தள வாகன நிறுத்தம் பொதுப் பகுதி, அதைத் தனியாக விலைக்கு விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டு ஒரு மும்பை வழக்கில் தீர்ப்பளித்திருப்பதால், நிறுத்துமிடத்துக்கு எனத் தனி ரசீது கொடுக்கப்பட்டால் மறுத்துவிட்டு, ஒதுக்கீட்டு எண்ணைக் குறித்த வரைபடத்தை விற்பனை ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்ல வேண்டும். கடைக்கு வருவோரின் வண்டிகள் எங்கே நிற்கும், கடைகளின் கழிவுநீரை ஏற்றிச்செல்லும் லாரிக்கு யார் பணம் கொடுப்பர், பராமரிப்புக் கட்டணத்தில் கடைகளின் பங்கு பரப்பின்படியா பயன்பாட்டின்படியா என்னும் மூன்றையும் அதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். சங்கம் அமைந்தபின் பேசிக்கொள்ளலாம் என்று கட்டுநர் சொன்னால், முன்பணத்தையும் அப்போதே தருவதாகச் சொல்லிவிடலாம்.