பொறுப்பு குறைந்தால் மதிப்பு குறையுமா?



ஓர் ஆலையின் ஸ்டோரில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கும் ஒருவரை மனக்கண்ணால் பாருங்கள். ஸ்டோர் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட்டுகூட வெளியே போகாது. ஒருநாள் கம்ப்யூட்டர் வந்தது. சரக்குக் கணக்கு அதற்குள் போயிற்று. சில மாதம் கழித்துச் சாவியும் ஓர் இளைஞரிடம் போயிற்று. காரணம் யாரும் சொல்லவில்லை. சம்பளம் குறையவில்லை, நாற்காலியும் பழைய இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் காலை பத்து மணிக்கே அவருடைய அன்றைய வேலை முடிந்துவிடுகிறது. மாலையில் வீடு திரும்பியதும், "இன்றைக்கு வேலை அதிகம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறார்.

இவர் கற்பனை மனிதர்தான். ஆனால் இவரைப் போன்றவர் நம் பங்கில் ஒருவரும் இல்லை என்று சொல்ல முடியுமா? வேலை போய்விட்டவருக்கு ஆறுதல் சொல்ல நாலு பேர் வருவார்கள். வேலை இருந்தும் பொறுப்பு போய்விட்டவர் தம் விசனத்தை யாரிடம் சொல்வார்? ஆகவே இந்த வாரப் பாடம் அவருக்கும் அவர் வீட்டாருக்கும் உரியது. தொழிலாளரிடையே பாடுபட்ட பெல்ஜியம் நாட்டுக் குருவானவர் கார்டைன் கற்பித்த முறைப்படி, முதலில் பார்ப்போம், பிறகு ஆராய்ந்து தீர்ப்போம், கடைசியில் செய்வோம்.

பார்ப்போம்

நம் நாட்டில் ஏறத்தாழ 160 வருஷம் நடந்த தந்திச் சேவை 2013ஆம் வருஷம் ஜூலை மாதம் நிறுத்தப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசி ஆலை 2014 நவம்பர் 1ஆம் தேதி மூடப்பட்டது. மறைமலைநகர் போர்டு ஆலையில் கார் உற்பத்தி 2022இல் நின்றது. மத்திய அரசின் தொலைபேசி நிறுவனமான பி.எஸ்.என்.எல்.லிலிருந்து 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் சுமார் 78,000 பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினர். தந்தி அடித்தவர் விரல் ஓய்ந்துபோனதாலா தந்தி நின்றது? இல்லை. உலகம் செய்தி அனுப்பும் வழி மாறிற்று. வேலை மறைந்ததேயன்றி, வேலைக்காரர் கெட்டுப்போகவில்லை.

எனினும் பொறுப்பு குறைவதற்கு எப்போதும் ஒரே காரணம் இருப்பதில்லை. பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது, அந்த வேலையே இல்லாமல் போயிருக்கலாம். இரண்டாவது, நிர்வாகம் வேலையை வேறு விதமாகப் பங்கிட்டிருக்கலாம். மூன்றாவது, நீங்களாகவே ராஜினாமாக் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமென்று யாராவது எண்ணியிருக்கலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பயந்த மனம் எப்போதும் மூன்றாவது காரணத்தையே பிடித்துக்கொள்ளும். எது உண்மை என்று விசாரித்து அறியுமுன் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

வேலை இல்லாத பொழுது மனிதனை என்ன செய்கிறது? இதை நேரில் கண்டு எழுதியவர்கள் உண்டு. ஆஸ்திரியா தேசத்தில் வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்றொரு சிற்றூர். ஊர் முழுவதும் ஒரே நெசவாலையை நம்பி வாழ்ந்தது. 1929-30இல் ஆலை மூடப்பட்டது. மரி யகோடா என்ற பெண்மணியும் அவருடைய தோழர்களும் அங்கே சென்று ஆராய்ந்து, 1933இல் ஒரு நூல் வெளியிட்டனர். அவர்கள் கண்டது விசித்திரமாயிருந்தது. ஜனங்களுக்கு நேரம் ஏராளமாக இருந்தது; ஆனால் நூல் நிலையத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள். நடு வழியில் காரணமின்றி நின்றார்கள். வீட்டு வேலை ஓயாத பெண்கள்தாம் வேகமாக நடந்தார்கள்.

பிற்காலத்தில் அதே அம்மையார், சம்பளத்தைத் தவிர வேலை நமக்கு ஐந்து நன்மைகளைத் தருகிறது என்று விளக்கினார். நாளுக்கு ஓர் ஒழுங்கு. குடும்பத்துக்கு வெளியே மனிதர் பழக்கம். பலர் கூடிச் செய்யும் ஒரு நோக்கம். ஊரில் ஓர் அடையாளம். கைக்கும் மூளைக்கும் ஓயாத பயிற்சி. நம் ஸ்டோர்க்காரரை மறுபடி பாருங்கள். அவருக்குச் சம்பளம் வருகிறது. இந்த ஐந்தும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கின்றன. சம்பளம் முழுதாக வந்தும் அவர் ஏன் திண்ணையில் அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

ஆராய்ந்து தீர்ப்போம்

உத்தியோகம் புருஷ லட்சணம் என்று ஒரு பழமொழி நம் காதில் சிறு வயது முதல் ஒலிக்கிறது. உழைக்க வேண்டும் என்ற மட்டில் அது நல்ல வாக்குத்தான். ஆனால் உத்தியோகம் குறைந்தால் புருஷனும் குறைந்தான் என்று அதைத் திருப்பிப் படிப்பவர்கள் உண்டு. இது பெரிய தவறு.

பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றி 1891இல் எழுதிய நிருபம் பலருக்குத் தெரியும். அதன் தொண்ணூறாம் வருஷத்தில், அதாவது 1981இல், பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றி இன்னொரு நிருபம் எழுதினார். அவர் வாலிபத்தில், யுத்த காலத்தில், கற்குவாரியிலும் ரசாயன ஆலையிலும் கூலிக்கு உழைத்தவர். உழைப்புக்கு மதிப்பைக் கொடுப்பது அது எந்த விதமான வேலை என்பதல்ல, அதைச் செய்கிறவன் மனிதன் என்பதே என்று அவர் கற்பிக்கிறார். அப்படியானால், வேலை சிறிதானதால் மனிதன் சிறிதாக மாட்டான். ஸ்டோர் சாவி ஆலைக்குச் சொந்தம். இருபத்திரண்டு வருஷத்து நாணயம் அவருக்குச் சொந்தம். முன்னதை வாங்கிக்கொள்ள நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. பின்னதை யாரும் வாங்க முடியாது.

செய்வோம்

1. வீட்டில் உண்மையைச் சொல்லுங்கள். மனைவிக்குக் கவலை வேண்டாம் என்றுதான் மறைக்கிறீர்கள். ஆனால் உங்கள் முகம் ஏற்கெனவே பாதியைச் சொல்லிவிட்டது. மீதியை அவர்கள் பயத்தோடு ஊகிக்கிறார்கள். தெரிந்த கஷ்டத்தை இருவர் சுமக்கலாம். தெரியாத கஷ்டத்தை ஒருவர்கூடச் சுமக்க முடியாது. வளர்ந்த பிள்ளைகளுக்கும் அளவாகச் சொல்லுங்கள்.

2. மேலதிகாரியிடம் நேரில் கேளுங்கள். கோபத்தோடு வேண்டாம், கெஞ்சியும் வேண்டாம். "ஐயா, எனக்கு இப்போது நேரம் மீதியாகிறது. என்னிடம் இனி என்ன வேலையை எதிர்பார்க்கிறீர்கள்? புதிய முறையைக் கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்" என்று சொன்னால் போதும். சொல்லப்பட்ட பதிலை அன்றே தேதியிட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

3. அவசரப்பட்டு ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். ஆழம் தெரியாமல் காலை விடலாகாது. சட்டப்படி தொழிலாளி எனப்படுபவர் ஒரு வருஷமாவது தொடர்ந்து வேலை செய்திருந்தால், ஆட்குறைப்புச் செய்யுமுன் அவருக்கு ஒரு மாத முன்னறிவிப்போ அதற்குரிய சம்பளமோ தர வேண்டும்; நஷ்டஈடாக, முடிந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும். சாதாரணமாக, அதே பிரிவில் கடைசியாக வந்தவரே முதலில் போக வேண்டும். 1947ஆம் வருஷத் தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடுகள் 2020ஆம் வருஷத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் இடம் பெற்றிருக்கின்றன. தாமாக ராஜினாமாச் செய்தவருக்கோ இந்த நஷ்டஈடு கிடையாது. நிர்வாகப் பதவியில் இருப்பவருக்கு இந்த விதிகள் பொருந்தா. ஆகவே உங்கள் நிலை எது என்று முதலில் கேட்டறியுங்கள்.

பணிக்கொடை என்கிற கிராஜுவிட்டி வேறு. 1972இல் சட்டமான இது, ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை செய்தவர் தாமாக விலகினாலும் கிடைக்கும். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 26,000 ரூபாய் என்று வையுங்கள். அதை 26ஆல் வகுத்தால் நாளுக்கு 1,000. பதினைந்து நாளுக்கு 15,000. இருபது வருஷத்துக்கு 3 லட்சம் ரூபாய். உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்கள். 1987ஆம் வருஷச் சட்டப்படி அமைந்த மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, ஆலைத் தொழிலாளருக்கும் பெண்களுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி செய்கிறது.

4. காகிதங்களை ஒழுங்குபடுத்துங்கள். நியமன உத்தரவு, சம்பளச் சீட்டுகள், சேமநிதிக் கணக்கு எண், உயர்வுக் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, அது இருக்கும் இடத்தை மனைவிக்கும் காட்டுங்கள்.

5. குடும்பச் செலவைக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து எழுதுங்கள். அரிசி, வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து, வட்டி: இவை முதல் பக்கம். மற்றவை இரண்டாம் பக்கம். முதல் பக்கத்துச் செலவுக்கு மூன்று மாதப் பணமாவது கையில் சேரும் வரை புதுக் கடனும் புதுச் சீட்டும் வேண்டாம். கலியாணத்தையோ திருவிழாவையோ எளிமையாகச் செய்தால் மானம் போய்விடாது.

6. மீதியான நேரத்தை வீணாக்காதீர்கள். அந்த இளைஞரிடமே கம்ப்யூட்டர் கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள். அவருக்கும் உங்களிடம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. எந்தச் சரக்கு மழைக்காலத்தில் துருப்பிடிக்கும், எந்த வியாபாரி தாமதிப்பான் என்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மாலையில் திண்ணையைவிட்டு எழுந்திருங்கள். பிள்ளைகளின் கணக்குப் பாடம், அயலாருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தல், பங்கின் சபை வேலை, இப்படி ஏதாவது ஒன்று நாளுக்கு ஒழுங்கும் மனிதர் பழக்கமும் தரும். மரியந்தாலின் தெருவில் நின்றவர்களுக்கு இல்லாமற்போனது இதுவே.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

தாய்மார்களே, பிள்ளைகளே! "பக்கத்து வீட்டுக்காரர் மேலே போகிறார், நீங்கள் மட்டும் ஏன் இப்படி?" என்ற ஒரு கேள்வி, ஆபீசில் பட்ட காயத்தை விட ஆழமாகப் பாயும். அதற்குப் பதிலாக, "இன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கும் இதே துன்பம் நேருகிறது. அவர்களிடம், "உனக்கு எதற்கு உத்தியோகம், வீட்டில் இரு" என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடாதீர்கள். தூக்கமின்மையும் பசியின்மையும் பல வாரம் நீடித்தால் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனம் வெறுத்துப் பேசுகிறவரைத் தனியே விடாதீர்கள். அன்றே உதவி தேடுங்கள்.

வீட்டில் கூடிப் பேச மூன்று கேள்விகள்

நம் வீட்டில் யாராவது வேலைக் கவலையை மறைத்து வைத்திருக்கிறோமா? இந்த மாதம் இரண்டாம் பக்கத்தில் எதைக் குறைக்கலாம்? நமக்குத் தெரிந்தவர்களில் பொறுப்பு இழந்து மௌனமாக இருப்பவர் யார், அவரை எப்போது போய்ப் பார்க்கப் போகிறோம்?

இவற்றில் மூன்றாவது கேள்விக்கு இந்த வாரமே பதில் தேடுங்கள். திண்ணையில் அவர் பக்கத்தில் ஒருவர் உட்கார இடம் இருக்கிறது.