கழற்றிய டிஸ்க் யாருடையது?

அன்புத் தம்பிக்கு,

லேப்டாப் சர்வீஸ் வேலையில் சேர்ந்துவிட்டாய் என்று கேட்டு மகிழ்ந்தேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டுவதும், 8 ஜிபி பென்டிரைவிலிருந்து விண்டோஸ் ஏற்றுவதும் சில நாளில் உனக்குக் கைவந்துவிடும். கழற்றுகிற டிஸ்க்கைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

“எல்லாம் காப்பி எடுத்துட்டேன், அழிச்சிடுங்க” என்பார் வாடிக்கையாளர். அவர் பொய் சொல்லவில்லை. டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் பார்த்திருப்பார், அவ்வளவுதான். கடைக்காரரின் டேலி கணக்கு பெரும்பாலும் அங்கே இருக்காது. டேலிக்கென்று உள்ள தனி ஃபோல்டரில் கிடக்கும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், கண்ணுக்குத் தெரியாமல் வைக்கப்பட்ட ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும். ஆகவே என்ன தொழில் செய்கிறார், அன்றாடம் எந்த மென்பொருளைத் திறக்கிறார் என்று கேள். அந்த இரண்டு கேள்வியிலேயே பாதி ஆபத்து நீங்கும்.

எழுத்துருவை மறக்காதே. டிடிபி செய்பவர்கள், வக்கீல் குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள் பலருடைய பழைய கோப்புகள் பாமினியிலோ வானவில் ஔவையாரிலோ அடித்தவை. அவை யூனிகோடு அல்ல; ஆங்கில எழுத்துக்கும் குறிக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்தவை. புது விண்டோஸில் அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் கோப்பு திறக்கும், ஆனால் பக்கம் முழுக்கப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். இருபது வருட உழைப்பு போயிற்று என்று மனிதர் கலங்கிவிடுவார். உண்மையில் எதுவும் கெடவில்லை. பழைய டிஸ்க்கில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸிலிருந்து அந்த ஒரு ஃபான்ட் கோப்பை எடுத்துப் போட்டால் தமிழ் திரும்பிவிடும். அழித்த பிறகு அதைத் தேடி எங்கே போவாய்?

இன்னொரு கண்ணி பிட்லாக்கர். லேப்டாப் இன்னும் பூட் ஆகிறதென்றால், ஸ்க்ரூ டிரைவரைத் தொடும் முன்பே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார். கழற்றி வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். பெரும்பாலும் அது அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டே பலருக்கு நினைவிருக்காது. கூட உட்கார்ந்து மீட்டுக்கொடு. டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட்டால் மட்டும் மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காதே. டேட்டா மீட்பு தெரிந்தவரிடம் அனுப்பிவிடு. நம் கூலி போனால் போகட்டும்.

ஏற்றும் வேலையில் இரண்டு மூன்று செய்திகள். வேறு டிஸ்க் எதுவும் உள்ளே இருந்தால் கழற்றிவிட்டு ஏற்று. இல்லையேல் பூட் பகுதி அதில் போய் உட்கார்ந்துவிடக்கூடும். இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த பல லேப்டாப்களில் புது எஸ்எஸ்டி கண்ணிலேயே படாது. எஸ்எஸ்டியைக் குறை சொல்லாமல், தயாரிப்பாளரின் தளத்திலிருந்து ஸ்டோரேஜ் டிரைவரை பென்டிரைவில் போட்டு ஏற்று. வைஃபை வரவில்லையா, போனை யூஎஸ்பியில் இணைத்து நெட் கொடு.

கிராக் விண்டோஸ் போடாதே. விண்டோஸ் 8 காலத்திலிருந்து விண்டோஸோடு விற்ற லேப்டாப்களில் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. டிஸ்க் மாறினாலும் உரிமம் போகாது. அதே எடிஷனை ஏற்றி நெட்டில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகும். ஹோம் எடிஷனுக்குக் காசு கொடுத்தவருக்குத் திருட்டு புரோவை ஏற்றிவிடுவது, அவர் வாங்கிய உரிமையைப் பறித்து, உள்ளே என்ன இருக்கிறதென்று நமக்கே தெரியாத ஒன்றை அவர் வங்கிக் கணக்கு திறக்கும் கணினியில் வைப்பதாகும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய லேப்டாப் என்றால் அதை மறைக்காமல் சொல். பிரவுசரும் கடிதமும் போதும் என்பவருக்கு லினக்ஸ் மின்ட் போட்டுக்கொடுக்கலாம்.

வேலை முடிந்ததும் அவரையே உட்கார வைத்து, அவருடைய கோப்புகளை அவர் கையாலேயே திறந்து பார்க்கச் சொல். பழைய டிஸ்க்கை உறையில் போட்டு, பெயரும் தேதியும் எழுதிக் கொடுத்துவிடு. ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருக்கச் சொல். கேட்காமல் விட்டுப்போனாலும் கூப்பிட்டுக் கொடு; அது அவருடைய பொருள்.

அன்புடன்,
உன் அண்ணன்