134 மீட்டர் உயரத்தில் ஓர் அறிவியல் பாடம்



பெக்கோக்கிலிருந்து ரயிலில் லாபிஸ் பக்கமோ பாலோ பக்கமோ போகும்போது ஆற்றுப் பாலத்தைக் கடப்பது சில விநாடி வேலைதான். மேலே ரயில் ஓடுகிறது, கீழே நீர் ஓடுகிறது. பாலம் மட்டும் அசையாமல் நிற்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால், நல்ல எஃகுப் பாலம் ஒவ்வொரு நாளும் அசைகிறது. அசைய இடம் கொடுத்துக் கட்டியிருப்பதால்தான் அது நிலைத்து நிற்கிறது.

இதை நேரிலேயே உணரக்கூடிய ஓர் இடம் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் உள்ளது. அங்குள்ள சிட்னி துறைமுகப் பாலத்தின் உச்சிக்கு, வழிகாட்டியின் துணையோடு பொதுமக்கள் ஏறலாம். 1998 அக்டோபரில் தொடங்கிய இந்த ஏற்றத்துக்கு உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். உச்சி, கடல் மட்டத்திலிருந்து 134 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாமும் அறிவியல் கண்ணோடு ஒருமுறை ஏறிப் பார்ப்போமா?

வளைவு எப்படி நிற்கிறது?

ஏறுபவர்கள் நடப்பது பாலத்தின் பெரிய எஃகு வளைவின் மேல். இந்த வளைவின் அகலம், அதாவது ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு அது தாவும் தூரம், 503 மீட்டர். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது.

ஒரு தடித்த அட்டையை எடுத்து வில்போல வளைத்து மேசையில் நிறுத்துங்கள். அதன் நடுவில் விரலால் அழுத்தினால் என்ன நடக்கிறது? இரண்டு முனைகளும் வெளிப்பக்கம் நழுவுகின்றன. இப்போது இரு முனைகளையும் கனமான புத்தகங்களால் தடுத்துவிட்டு மீண்டும் அழுத்துங்கள். அட்டை தாங்குகிறது. சிட்னி பாலத்திலும் இதுதான் நடக்கிறது. வளைவின் மீது விழும் எடை அமுக்கவிசையாக மாறி, வளைவின் வழியே இறங்கி, இரு கரைகளிலும் உள்ள பாறையைத் தள்ளுகிறது. சாலையும் ரயில் பாதையும் இந்த வளைவிலிருந்து எஃகுத் தொங்கல்களால் கீழே தொங்குகின்றன. அந்தத் தொங்கல்களில் இருப்பது இழுவிசை. ஒரே பாலத்தில் இரண்டு விசைகளும் வேலை செய்கின்றன.

பாலத்தின் இரு முனைகளிலும் உயர்ந்து நிற்கும் கற்கோபுரங்கள்தாம் வளைவைத் தாங்குகின்றன என்று பலரும் எண்ணுவார்கள். வளைவு அவற்றின் மேல் சாய்ந்திருக்கவில்லை. 89 மீட்டர் உயரமுள்ள அவை பெரும்பாலும் தோற்றத்துக்காக எழுப்பப்பட்டவை.

கட்டும்போது இரு கரைகளிலிருந்தும் பாதிப் பாதி வளைவாக நீட்டிக்கொண்டே வந்தார்கள். நடுவில் சேரும்வரை வளைவு முழுமையாகாது அல்லவா? அதுவரை ஒவ்வொரு பாதியையும் 128 எஃகு வடங்கள் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்திருந்தன. பாறைக்குள் குடைந்த சுரங்கம் வழியே அந்த வடங்கள் செலுத்தப்பட்டிருந்தன. வடங்களைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, 1930 ஆகஸ்டு 19ஆம் நாள் இரவு இரு பாதிகளையும் சேர்த்தார்கள். 1932 மார்ச் 19 அன்று பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன் 96 நீராவி இன்ஜின்களைப் பாலத்தில் வரிசையாக நிறுத்தி, சுமை தாங்குகிறதா என்று சோதித்தார்கள்.

வெயிலில் உயரும் உச்சி

எஃகு சூடானால் நீளும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். ஒரு மீட்டர் எஃகு, ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் கூடும்போது ஏறக்குறைய 0.000012 மீட்டர் நீளும். தலைமுடியின் தடிமனைவிடவும் இது குறைவு. ஆனால் பாலம் ஒரு மீட்டர் அல்லவே!

100 மீட்டர் எஃகு, 30 பாகை சூடானால்:
0.000012 × 100 × 30 = 0.036 மீட்டர், அதாவது 3.6 சென்டிமீட்டர்.

சிட்னி வளைவோ அரைக் கிலோமீட்டருக்கும் அதிகம். அதன் இரு முனைகளும் பாறையில் ஊன்றியிருப்பதால் பக்கவாட்டில் நீள வழியில்லை. அப்படியானால் நீண்ட எஃகு எங்கே போகும்? மேலே போகும். வெயிலிலும் குளிரிலும் வளைவின் உச்சி 18 சென்டிமீட்டர்வரை ஏறி இறங்குகிறது. உங்கள் அளவுகோலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். உச்சியில் நிற்பவரையும் சேர்த்தே பாலம் தூக்கி இறக்குகிறது. மெதுவாக நடப்பதால் அவருக்குத் தெரிவதில்லை.

இந்த அசைவுக்காக, வளைவின் அடியில் நான்கு பெரிய கீல்கள் உள்ளன. கதவின் கீல்போலவே இவையும் திரும்ப இடம் கொடுக்கின்றன. ஒவ்வொரு கீலிலும் உள்ள எஃகு ஊசியின் நீளம் 4.2 மீட்டர். கீல் இல்லாமல் இறுக்கிப் பிடித்திருந்தால், வெப்பத்தால் எழும் விசை முழுவதும் எஃகுக்குள்ளேயே அடைபட்டு அதை வருத்தும். வழிவிட்டதால் அந்த விசை தணிகிறது.

சூடான ஆணி, இறுகிய பிடி

ஏறும் வழியெங்கும் கைப்பிடிக்கு அருகே உருண்டைத் தலைகள் வரிசை வரிசையாகத் தெரியும். அவை ரிவெட் எனப்படும் தறையாணிகள். இந்தப் பாலத்தில் ஏறக்குறைய 60 லட்சம் தறையாணிகள் உள்ளன.

அன்று தொழிலாளர்கள் ஒவ்வோர் ஆணியையும் உலையில் சிவக்கக் காய்ச்சி, அதை வீசுவார்கள். மற்றொருவர் வாளியில் பிடிப்பார். துளைக்குள் செருகி, மறுமுனையை அடித்துத் தலையாக்குவார்கள். ஏன் சூடாக அடிக்க வேண்டும்? முதலாவது, சூட்டில் எஃகு மென்மையாகி எளிதில் வடிவம் மாறும். இரண்டாவது, ஆறும்போது ஆணி சுருங்கி, இரண்டு தகடுகளையும் இறுக்கமாக நெருக்கிப் பிடிக்கும். உச்சியை உயர்த்தும் அதே வெப்ப விரிவு, இங்கே மறுதிசையில் பிணைப்பாகப் பயன்பட்டது.

அந்த உயரத்தில் வேலை செய்தவர்களின் இடுப்பில் பாதுகாப்பு வார் இல்லை. கட்டுமானத்தில் 16 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இன்று மகிழ்ச்சிக்காக ஏறுபவர்கள், அவர்கள் உழைத்த இரும்பின் மீதுதான் நடக்கிறார்கள்.

பைகள் ஏன் காலியாக வேண்டும்?

ஏற்றத்துக்கு முன் எல்லாரும் ஒரு தனி உடை அணிய வேண்டும். கைப்பேசி, சாவி, சில்லறை எதையும் எடுத்துச் செல்லக்கூடாது. தொப்பியும் கைக்குட்டையும்கூட உடையோடு இணைக்கப்பட்டிருக்கும். இவ்வளவு கண்டிப்பு எதற்கு?

200 கிராம் கைப்பேசி ஒன்று 80 மீட்டர் உயரத்திலிருந்து நழுவுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிடுவோம். புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொள்வோம்.

ஆற்றல் = நிறை × முடுக்கம் × உயரம் = 0.2 × 10 × 80 = 160 ஜூல்.

கீழே வரும்போது அதன் வேகம் விநாடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர். ஒரு கிலோ எடையுள்ள கல்லை ஐந்து மாடி உயரத்திலிருந்து போட்டாலும் இதே 160 ஜூல்தான். கீழே எட்டு வாகனத் தடங்களும் ரயில் பாதையும் நடைபாதையும் இருக்கின்றன. இப்போது அந்த விதியின் பொருள் புரிகிறதா?

அடுத்து, ஏறுபவரின் இடுப்பு வார். அதிலிருந்து வரும் குட்டையான கயிறு, பாதை நெடுக ஓடும் எஃகு வடத்தில் மாட்டப்பட்டிருக்கும். தொடக்கம் முதல் இறுதிவரை அது கழறுவதில்லை. 50 கிலோ எடையுள்ளவர் கால் இடறி அரை மீட்டர் விழுந்தால் அவர் பெறும் ஆற்றல் 250 ஜூல். வார் இல்லாமல் 80 மீட்டர் விழுந்தால் 40,000 ஜூல். 160 மடங்கு! உயரம் மாறவில்லை, விழக்கூடிய தூரம்தான் குறைக்கப்பட்டது. மேலும், இடி மின்னல் வந்தால் ஏற்றம் நிறுத்தப்படும். ஏறுவதற்கு முன் மூச்சில் மது இருக்கிறதா என்றும் சோதிப்பார்கள். ஆபத்து ஒவ்வொன்றையும் முன்கூட்டியே கணக்கிட்டு அதற்கு ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். வழிகாட்டி இருப்பதன் பொருள் இதுதான்.

நம் ஊர்ப் பாலம்

சிட்னியில் ஏறுகிறார்களே, நம் பக்கத்து ரயில் பாலத்தில் நாமும் ஏறிப் பார்த்தால் என்ன என்று யாருக்காவது தோன்றலாம். கூடவே கூடாது. காரணத்தைக் கணக்காகவே பாருங்கள்.

பெக்கோக் வழியே செல்லும் கெமாஸ்–ஜொகூர் பாரு இரட்டைத் தடம் மின்மயமானது. தடத்துக்கு மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் மின்னழுத்தம் உள்ளது. நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். இது அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். இவ்வளவு உயர்ந்த அழுத்தத்தில் கம்பியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. நெருங்கினாலே மின்சாரம் காற்றின் வழியே பாய்ந்துவிடலாம். மின்ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், விநாடிக்கு ஏறக்குறைய 39 மீட்டர். 200 மீட்டர் தூரத்தில் நீங்கள் அதைப் பார்த்தால், உங்கள் கையில் இருப்பது ஐந்தே விநாடி. பழைய டீசல் ரயில்போல அது இரைச்சலோடும் வராது. அங்கே வாரும் இல்லை, வடமும் இல்லை, வழிகாட்டியும் இல்லை.

ஆகவே பாலத்தைப் பார்க்க விரும்பினால், தடத்துக்கு வெளியே பாதுகாப்பான இடத்தில் நின்று பாருங்கள். சாலைப் பாலங்களில் தளத்தின் குறுக்கே ஒரு கோடுபோல இடைவெளி இருக்கும். கார் அதைக் கடக்கும்போது ‘டக் டக்’ என்று ஒலிக்கும். பாலம் வெயிலில் நீள்வதற்காக விட்ட இடம் அது. சிட்னியின் கீல் செய்யும் வேலையை நம் ஊரில் அந்த இடைவெளி செய்கிறது.

முயன்று பாருங்கள்

1. 200 மீட்டர் நீளமுள்ள எஃகுப் பாலம், காலையிலிருந்து நண்பகலுக்குள் 25 பாகை சூடாகிறது. அது எவ்வளவு நீளும்?

2. 45 மீட்டர் உயரத்திலிருந்து நழுவும் தண்ணீர்ப் புட்டி, தரையைத் தொடும்போது என்ன வேகத்தில் இருக்கும்? (முடுக்கம் 10, காற்றின் தடை இல்லை.)

3. தறையாணியைக் குளிர்ந்த நிலையிலேயே அடித்திருந்தால் பிடிப்பு எப்படி இருந்திருக்கும்? இரண்டு வரியில் எழுதுங்கள்.

விடைகள்: 1) 6 சென்டிமீட்டர். 2) விநாடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர். 3) ஆறிச் சுருங்க வாய்ப்பில்லாததால் தகடுகளை அவ்வளவு இறுக்கமாக நெருக்கியிருக்காது.