தோட்டத்து மண்ணில் ஒரு சிறு நெருப்பு

பேராக் மாநிலத்தில் வாழும் நமக்கு வெயிலும் மழையும் மாறி மாறி வருவதே ஆண்டு; ஆயினும் ஜூன், ஜூலை மாதங்களில் பிற்பகல் மழை சற்று ஓய்ந்து, ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள் பகலெல்லாம் வெயிலில் காய்ந்து, பொழுது சாய்ந்ததும் மெல்லிய காற்று வீசத் தொடங்கும் சில வாரங்கள் உண்டு. அவ்வாரங்களில் பழைய சிநேகிதர்களையும் பேரக்குழந்தைகளையும் ஒன்றுசேர்த்து, திறந்த வெளியில் நெருப்பு மூட்டி, அதைச் சுற்றி அமர்ந்து பேசுவதைப் பல ஆண்டுகளாக நான் வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். இதில் நான் அடைந்த சந்தோஷத்தையும், அனுபவத்தால் அறிந்துகொண்ட சில விஷயங்களையும், என் பிராயத்தை ஒத்தவர்களுக்கு உபயோகப்படலாம் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன்.

சுங்கை சிப்பூட்டை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அத்தோட்டம் இன்று செம்பனைக் காடாகிவிட்டது. லயங்கள் இருந்த சுவடும் இல்லை. எங்களிற் சிலர் புந்தோங்கிலும், மற்றவர்கள் ஈப்போவைச் சூழ்ந்த தாமான்களிலும் குடியேறிவிட்டோம். எங்கள் பேரப்பிள்ளைகளோ, பால்மரம் என்ற ஒன்றைப் புத்தகத்தில் மட்டுமே கண்டவர்கள். நல்ல வேளையாக, சிநேகிதர் ஒருவருக்குச் சொந்தமான சிறு நிலத்தில் சில கிழட்டு ரப்பர் மரங்கள் இன்னும் நிற்கின்றன. அங்கேதான் எங்கள் கூட்டம்.

முதலில் காலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலையுதிர்க்கும்; காய்ந்த சருகு கணுக்கால் அளவுக்குக் குவிந்து கிடக்கும் அந்நாட்களில் மரங்களின் அருகே ஒரு தீக்குச்சியைக்கூடக் கிழிக்கலாகாது. ஏப்ரல், மே மாதங்களில் மாலை தவறாமல் இடிமழை கொட்டும். ஆகவே ஆண்டின் நடுப்பகுதியே உத்தமம். அதுவே டுரியான் பழம் விழும் காலமும் ஆதலால் பிள்ளைகளுக்கு இரட்டிப்பு விசேஷம். ஆனால் புகைமூட்டமும் பெரும்பாலும் அம்மாதங்களை ஒட்டியே வருகிறது. திறந்தவெளி எரிப்பை 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் கட்டுப்படுத்துகிறது என்பதையும், முதியவர்களின் சுவாசமும் குழந்தைகளின் சுவாசமும் ஒருங்கே நம் பொறுப்பில் இருக்கின்றன என்பதையும் நினைவில் கொண்டு, குப்பையும் சருகும் எரிப்பதை அறவே விலக்கி, உணவு சுடும் அளவுக்கு மட்டும் நெருப்பை வைத்துக்கொள்ள வேண்டும். வானம் மங்கலாகத் தோன்றும் நாட்களில் அதையும் ஒத்திவைப்பதே விவேகம். 1982 ஜனவரி முதல் தேதியன்று நம் கடிகாரங்கள் அரைமணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டபடியால், ஈப்போவில் சூரியன் அஸ்தமிக்க ஏறக்குறைய ஏழரை மணியாகிவிடுகிறது. ஆறு மணிக்கே போய்ச் சேர்ந்தால், வெளிச்சம் இருக்கும்போதே சகல ஏற்பாடுகளையும் முடித்துவிடலாம்.

அடுத்தது இடம். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்தபின் விடப்பட்ட மணற்பரப்புகள் நெருப்பு மூட்ட ஏற்றவை. எனினும் அவற்றை ஒட்டிய ஈயக்குட்டைகள் கரையிலேயே திடீரென்று ஆழமாக இறங்குபவை ஆதலால், குழந்தைகளுடன் அங்கே போவதை நான் விரும்புவதில்லை. தெலுக் இந்தான், பாகான் டத்தோ பக்கத்துக் கரிமண் நிலங்களில் நெருப்பு வேரோடு வேராக மண்ணுக்கடியில் பரவி, அணைந்துவிட்டதாக நாம் நம்பிய பின்னும் கனன்றுகொண்டிருக்கும். அங்கே மூட்டவே கூடாது. செம்மண் தரையைச் சுத்தமாகக் கொத்தி, சருகில்லாதபடி நாலு முழத்துக்குப் பெருக்கி, நடுவே ஒரு சாண் ஆழத்துக்குக் குழி பறித்தால் போதும். ஆற்றிலிருந்து எடுத்த ஈரக்கல்லை வரம்பாக வைப்பது பெரும் அபாயம். உள்ளேயுள்ள நீர் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறும். கணு பிளக்காத பச்சை மூங்கிலும் அப்படியே. கோயில் வேலியிலிருந்து வெட்டிய அரளிக் கொம்பு விறகுக் கட்டில் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதன் புகையும் நஞ்சு.

விறகுக்கு, நன்கு உலர்ந்த ரப்பர் மரக்கட்டைக்கு ஈடு எங்கள் அனுபவத்தில் வேறில்லை. காய்ந்த தேங்காய் மட்டை பற்றவைக்க உதவும். அந்நாளில் லயத்து அடுப்புகளில் ஒட்டுப்பால் துண்டைக் கொளுத்தித் தீ மூட்டியதுண்டு; அதன் கரும்புகை குழந்தைகளுக்கு ஆகாது என்பதால் நாங்கள் அதைத் தொடுவதில்லை. ரப்பர் கட்டை எரியத் தொடங்கியதும் எழும் வாசனை எங்களை ஒரு கணத்தில் பழைய தோட்டத்துக்கே கொண்டுபோய்விடும்; ஏனெனில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகையில் உலர்த்திய கூடத்திலும் இதே விறகுதான் எரிந்தது.

நெருப்பின் அளவைப் பற்றி என் அபிப்பிராயம் திடமானது. கொழுந்துவிட்டு எரியும் பெருந்தீ பார்வைக்குக் கம்பீரமாயிருக்கலாம். ஆனால் நம் நாட்டின் வெக்கையில் அது எல்லோரையும் பத்தடி தூரத்துக்குத் துரத்திவிடுகிறது. தூரத்தில் அமர்ந்தவர்களுக்கு, தளர்ந்த குரலில் பேசும் ஒரு பாட்டியின் சொற்கள் கேட்பதில்லை. சிறு நெருப்போ எல்லோரையும் நெருங்கி அமரச் செய்கிறது. முகம் முகத்துக்குத் தெரிகிறது. மெல்லிய குரலும் கடைசிக் குழந்தையின் காதுவரை எட்டுகிறது.

குழந்தைகளைச் சும்மா உட்கார வைத்தால் அரைமணியில் சலித்துக் கைப்பேசியைத் தேடுவார்கள். ஆகையால் வயதுக்கேற்ற வேலை கொடுக்கவேண்டும்: சின்னவர்களுக்குச் சுள்ளி பொறுக்குதல், இடைப்பட்டவர்களுக்குக் கிழங்கு கழுவுதல், மூத்தவர்களுக்குத் தண்ணீர் வாளிக்குக் காவல். ரப்பர் காய் முற்றி வெடிக்கும் பருவமாயின் விளையாட்டுக்குக் குறைவே இல்லை. இரண்டு கொட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தட்டி எது உடைகிறது என்று பந்தயம் கட்டுவதும், கொட்டையைச் சிமெண்டுத் தரையில் சூடேறத் தேய்த்துத் தோழனின் கையில் வைத்து அலறவிடுவதும் எங்கள் காலத்துக் கலைகள். அவற்றைத் தாத்தாமார் சொல்லிக்கொடுக்கும்போது எழும் சிரிப்பு அந்த மாலைக்கே மகுடமாகும்.

உணவில் எளிமையே அழகு. மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்து, வாழை இலையில் சுற்றி, தணலில் புதைத்து, நடுப்பகுதிவரை மாவாக வேகும்வரை பொறுத்திருக்க வேண்டும். அரைவேக்காட்டில் உண்பது உடம்புக்குத் தீங்கு. கிழங்கைப் பிட்டுக் கொடுக்கும் வேளையில்தான் நான் பேச்சைத் தொடங்குவேன். ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான காலத்தில் அரிசி கிடைக்காமல் இதே கிழங்கைத் தின்று எங்கள் பெற்றோர் உயிர்பிழைத்ததையும், தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட எத்தனையோ பேர் திரும்பி வராததையும், கையில் சுடும் அந்தக் கிழங்கோடு சேர்த்துக் கேட்ட குழந்தை மறப்பதில்லை.

கதை சொல்வதிலும் ஒரு முறை உண்டு. துயரத்தை மட்டும் அடுக்கினால் குழந்தைகள் மிரண்டுவிடுகிறார்கள். உபதேசம் செய்தாலோ நழுவிவிடுகிறார்கள். வேலையைச் சொன்னால் கண்கொட்டாமல் கேட்கிறார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்தது, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டியது, மங்கில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்தது ஆகியவற்றை எங்கள் சிநேகிதி ஒருவர் கையை அசைத்து அசைத்துச் சொல்வார். “ஏன் பாட்டி, இருட்டில் போகணும்? விடிஞ்சப்புறம் போகக்கூடாதா?” என்று ஒரு பேத்தி கேட்டாள். “வெயில் ஏறினா பால் ஓட்டம் நின்னுடும் கண்ணு, குளிர்ச்சியில்தான் மரம் தாராளமா கொடுக்கும்” என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்தில் தாவர சாஸ்திரமும் ஒரு சமூகத்தின் உறக்கமற்ற வாழ்வும் சேர்ந்தே இருந்தன. 1877இல் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகளில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டதையும், அங்கே அதன் நினைவாக ஒரு மரத்தை இன்றும் காணலாம் என்பதையும் சொன்னபோது, மறுநாளே போகவேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய கதை இன்னொன்றும் உண்டு. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்பூட்டுப் பகுதித் தோட்டங்களில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் பிறந்தது. 1960 ஜூலை வரை அது நீடித்தது. முள்வேலியும் ஊரடங்கும் அரிசிக் கட்டுப்பாடும் கண்ட அந்த ஆண்டுகளில், இரவில் இப்படி வெளியில் அமர்ந்து நெருப்புக் காய்வதை எங்கள் பெற்றோர் நினைத்தும் பார்த்திருக்க முடியாது. இன்று அதே மண்ணில் அச்சமின்றிக் கூடியிருப்பது எவ்வளவு அரிய பாக்கியம் என்பதைப் பிள்ளைகள் அறியவேண்டும்.

முடிவில், நெருப்பை அணைப்பதைக் குழந்தைகளின் முன்னிலையிலேயே செய்யவேண்டும். நீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடியும் ஊற்றி, சாம்பலின் மேல் புறங்கையைக் காட்டிச் சூடு இல்லையென்று நிச்சயித்த பின்பே புறப்படவேண்டும். ஊற்றியெடுத்த வாளிகளிலும் சிரட்டைகளிலும் நீர் தேங்கவிடாமல் கவிழ்த்து வைப்பது டெங்கிக் கொசுவுக்கு இடமளிக்காதிருக்கும் வழி.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த கடைசித் தலைமுறை நாம். நம்மோடு மறைந்துவிடக்கூடிய அறிவும் நினைவும் ஏராளம். அவற்றை எழுதிவைக்க எல்லோராலும் முடியாது, ஆனால் சொல்ல எல்லோராலும் முடியும். ஆகவே வாசக அன்பர்களே, அடுத்த பள்ளி விடுமுறையில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். பழைய லயத்து அண்டை வீட்டாரைத் தொலைபேசியில் அழையுங்கள். பேரப்பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். நெருப்பைச் சிறிதாக மூட்டி, பேச்சுக்கு நிறைய நேரம் கொடுங்கள்.