கொல்வது கோபுரமல்ல, கண்ணாடி

மே மாதம் ரொறொன்ரோவில் இரண்டு வகைப் படங்கள் வட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. ஒன்று, தெற்கிலிருந்து திரும்பிவந்து ஏரிக்கரை மரங்களில் இறங்கியிருக்கும் வாப்ளர் குருவிகள். மற்றது, தொடர்மாடி வாசலில் செத்துக் கிடக்கும் அதே குருவிகள். இரண்டாவது படத்தின் கீழே தவறாமல் ஒரு வரி இருக்கும்: “5ஜி கோபுரத்தின் வேலை.” மோதி விழுந்த பறவைகளை விடியற்காலையில் பொறுக்கியெடுக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. இந்த வரியைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

நம்பிக்கை: கைத்தொலைபேசிக் கதிர்வீச்சு வலசைப் பறவைகளைக் கொல்கிறது.

உண்மை: இல்லை. இந்தக் கதைக்குக் கால் முளைத்தது 2018இல், நெதர்லாந்தின் ஹேக் நகரில். ஒக்ரோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் அங்கே ஒரு பூங்காவில் 300க்கும் மேற்பட்ட ஸ்ரார்லிங் பறவைகள் செத்து விழுந்தன. 5ஜி பரிசோதனைதான் காரணம் என்று பரப்பினார்கள். அந்த நாட்களில் அங்கே அப்படியொரு பரிசோதனையே நடக்கவில்லை. நடந்தது ஜூனில், அப்போது பறவைகள் சாகவில்லை. கைத்தொலைபேசிக் கதிர்வீச்சு பறவைகளைக் கொல்வதாகக் கதை சொல்லும் ‘2.0’ படமும் அதே நவம்பர் கடைசியில் வெளிவந்தது. பறவைகளுக்காக நம்மைக் கண்கலங்க வைத்த படம்தான். ஆனால் ஒரு திரைக்கதையை ஆதாரமென்று தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

“உடம்பில் காயமே இல்லையே, கதிர்வீச்சு இல்லாமல் வேறென்ன?” என்று கேட்கிறார்கள். கண்ணாடியில் மோதும் பறவைக்குப் பெரும்பாலும் மண்டைக்குள்ளேதான் இரத்தம் கசிகிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் இருக்கலாம். காயம் தெரியாத அந்த உடல்தான் மோதலுக்குச் சாட்சி.

நடப்பது இதுதான். பத்துக் கிராம் அளவே எடையுள்ள இந்தக் குருவிகள் இரவில் பறக்கின்றன. நகர வெளிச்சம் அவற்றை இழுத்து இறக்குகிறது. விடிந்ததும் இரை தேடிக் கிளம்பும்போது, கண்ணாடியில் தெரியும் மரத்தை மரமென்றே நம்பிப் பாய்கின்றன. 2013இல் வெளிவந்த மதிப்பீட்டின்படி, கனடாவில் மட்டும் வருடத்துக்கு 16 முதல் 42 மில்லியன் பறவைகள் இப்படிக் கட்டடங்களில் மோதிச் சாகின்றன.

இன்னும் சந்தேகமா? மிச்சிகன் ஏரிக்கரையில் சிக்காகோவின் மக்கோர்மிக் பிளேஸ் மண்டபம் இருக்கிறது. 2023 ஒக்ரோபர் 5 அன்று அந்த ஒரு கட்டடத்தின் கீழ் ஏறத்தாழ 1,000 பறவைகள் செத்துக் கிடந்தன. 2024 கோடையில் அதன் கண்ணாடிகளில் சிறு புள்ளிகள் கொண்ட மென்தாளை ஒட்டினார்கள். அடுத்து வந்த இலையுதிர்கால வலசையில் சாவு சுமார் 95 விழுக்காடு குறைந்தது. சிக்காகோவின் கைத்தொலைபேசிகள் அப்படியேதான் இயங்கிக்கொண்டிருந்தன. மாறியது கண்ணாடி.

கோபுரத்தில் பறவை சாவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து வருடத்துக்குச் சுமார் 6.8 மில்லியன் பறவைகள் தொலைத்தொடர்புக் கோபுரங்களில் சாவதாக 2012இல் ஓர் ஆய்வு கணித்தது. அவற்றைக் கொல்வது அலையல்ல. உயர்ந்த ஒளிபரப்புக் கோபுரங்களைத் தாங்கும் இழுகம்பிகளும், அணையாமல் எரியும் சிவப்பு விளக்குகளும்தான். ஈரி ஏரிக்கரையின் லோங் பொயின்ற் கலங்கரை விளக்கில் 1929இல் நான்கே இரவுகளில் பறவைகள் கூட்டமாக மோதிச் செத்ததும் பதிவாகியிருக்கிறது. அன்று எவர் கையில் தொலைபேசி இருந்தது?

ஐரோப்பிய ரொபின் பறவையின் காந்தத் திசையுணர்வை வானொலி இரைச்சல் குழப்புவதாக 2014இல் வந்த ஆய்வையும் காட்டுவார்கள். அது மத்திய அலை வானொலியின் அதிர்வெண். 235 மெகாஹேர்ட்ஸுக்குப் போனதுமே அந்தப் பாதிப்பு இல்லையென்று பிந்திய ஆய்வு காட்டியது. 5ஜி அதற்கும் வெகு மேலே இயங்குகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகத் தீர்த்துவிடலாம்.

நம்பிக்கை: கரையில் குருவிகள் கூட்டமாகத் தரையில் உட்கார்ந்திருந்தால் ஏதோ நோய்.

உண்மை: களைப்பு. இரவோடிரவாக ஈரி ஏரியைக் கடக்கும்போது எதிர்க்காற்றும் மழையும் பிடித்துக்கொண்டால், பொயின்ற் பீலி முனை போன்ற முதல் நிலத்தில் அப்படியே இறங்கிவிடும். படமெடுக்கக் கிட்டப் போய் விரட்டாதீர்கள். இரை பொறுக்க விடுங்கள்.

நம்பிக்கை: அரிய பறவை தென்பட்டால் இயற்கை கெட்டுவிட்டது.

உண்மை: தெற்குக் காற்று பலமாக அடித்தால் சில பறவைகள் தம் எல்லையைத் தாண்டி வடக்கே வந்துவிடும். வசந்தத்தில் இது வழமை. சில வருகைகள் நல்ல செய்தியும்கூட. கேர்ட்லண்ட் வாப்ளரில் 1987இல் எண்ணப்பட்ட பாடும் ஆண்கள் வெறும் 167. பாதுகாப்பினால் பெருகி, 2019இல் அமெரிக்காவின் அழியும் இனப் பட்டியலிலிருந்தே நீங்கியது. அது மே மாதம் ஈரிக் கரையில் தலைகாட்டினால் மகிழுங்கள்.

நம்பிக்கை: மயங்கி விழுந்த பறவைக்குத் தண்ணீரும் பாணும் கொடுக்க வேண்டும்.

உண்மை: கூடவே கூடாது. காற்றுப் போகும் காகிதப் பையில் மெதுவாக வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விட்டு, வனவிலங்கு மீட்பு நிலையத்தை அழையுங்கள்.

நம்பிக்கை: யன்னலில் ஒரு பருந்து ஸ்ரிக்கர் போதும்.

உண்மை: பறவை அந்த ஸ்ரிக்கரை விலக்கி, பக்கத்துக் கண்ணாடியில் மோதும். கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுவதும் ஐந்து சென்ரிமீற்றருக்கு ஒரு புள்ளி வேண்டும். உட்பக்கம் ஒட்டினால் பிரதிபலிப்பு அதை மறைத்துவிடும்.

2010 முதல் ரொறொன்ரோவின் புதிய பெரிய கட்டடங்களுக்குப் பறவைக் காப்பு விதி இருக்கிறது. பழைய தொடர்மாடிகள், நம்முடைய விழா மண்டபங்கள், கடைத்தொகுதிகள், வீடுகளையெல்லாம் யார் கேட்பது? கனடாவின் கட்டட மோதல் சாவுகளில் சுமார் 90 விழுக்காடு சாதாரண வீடுகளில்தான் நடக்கிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கோபுரத்தைத் திட்டுபவர்களே, உங்கள் பின்வளவைப் பார்த்த யன்னலிலிருந்து தொடங்குங்கள். வலசைக் காலத்தில் இரவு விளக்குகளை அணையுங்கள். தொடர்மாடி நிர்வாகக் குழுவிடம் கண்ணாடிக்குப் புள்ளி கேளுங்கள். செலவென்று தட்டிக் கழித்தால் அடுத்த கூட்டத்திலும் கேளுங்கள்.