நடுவரின் கண்ணும் வீராங்கனையின் பாய்ச்சலும்: சூரியா பொனலி

மாணவர்களே, 100 மீற்றர் ஓட்டத்தில் வெற்றியைத் தீர்மானிப்பது கடிகாரம். நீளம் பாய்தலில் அதைத் தீர்மானிப்பது அளவு நாடா. ஓடியவர் யார், எந்த நாட்டவர், எவ்வளவு அழகாக ஓடினார் என்பவற்றை அவை பார்ப்பதில்லை. ஆனால் சில விளையாட்டுகளில் மனிதரின் கண்ணே அளவுகோலாகும். அவற்றுள் ஒன்று பிகர் ஸ்கேட்டிங். கத்தி பொருத்திய சப்பாத்துகளை அணிந்து, பனிக்கட்டித் தளத்தில் இசைக்கேற்பச் சறுக்கி, பாய்ந்து, சுழன்று காட்டும் போட்டி இது. நடுவர் தீர்ப்பு என்ற விடயத்தை விளங்கிக்கொள்ள, பிரான்ஸ் நாட்டு வீராங்கனை சூரியா பொனலியின் போட்டி வாழ்க்கை மிகவும் பொருத்தமான உதாரணமாகும்.

பெயரைக் கண்டு அவர் நம் பக்கத்தவர் என எண்ணிவிடாதீர்கள். 1973ஆம் ஆண்டு பிரான்சின் நீஸ் நகரில் பிறந்த கறுப்பினப் பெண் அவர். அவரைத் தத்தெடுத்து வளர்த்த பெற்றோரே சூரியனைக் குறிக்கும் இந்த வடமொழிப் பெயரை இட்டனர். வளர்ப்புத் தாய் உடற்கல்வி ஆசிரியை. சூரியா முதலில் பயின்றது ஜிம்னாஸ்டிக். அங்கு பெற்ற உடல் வலிமையும் துணிவும் பின்னர் பனித்தளத்தில் அவருடைய பலமாயின.

1991 முதல் 1995 வரை தொடர்ந்து 5 தடவைகள் அவர் ஐரோப்பிய சம்பியன் ஆனார். 1992இல் பிரான்சின் அல்பேர்வில் நகரில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கில் வீரர்கள் சார்பில் உறுதிமொழி எடுத்தவரும் அவரே. ஆனால் உலகப் போட்டிகளில் 1993, 1994, 1995 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவருக்குக் கிடைத்தது வெள்ளிப் பதக்கமே. ஒவ்வொரு முறையும் தங்கம் வேறொருவருக்குச் சென்றது: உக்ரேனின் ஒக்சானா பையுல், யப்பானின் யூகா சாட்டோ, சீனாவின் சென் லு.

இதை விளங்கிக்கொள்ள அக்காலப் புள்ளி முறையை அறிய வேண்டும். ஒவ்வொரு நடுவரும் தொழினுட்பத் திறனுக்கு ஒன்று, கலையழகுக்கு ஒன்று என 6 வீதம் இரு புள்ளிகளை இடுவார். கூட்டுத்தொகை அதிகமானவரே வெல்வார் என நீங்கள் நினைக்கலாம். அது தவறு. தமது புள்ளிகளைக் கொண்டு ஒவ்வொரு நடுவரும் போட்டியாளர்களை வரிசைப்படுத்துவார். எவரைப் பெரும்பான்மை நடுவர்கள் முதலாவதாக வைக்கின்றனரோ அவரே முதல்வர். உதாரணமாக, மூன்று நடுவர்கள் 'அ' என்பவருக்கு 11.5, 11.5, 10.9 எனவும் 'ஆ' என்பவருக்கு 11.4, 11.4, 11.7 எனவும் இட்டால், கூட்டுத்தொகையில் 'ஆ' முந்துகிறார் (34.5). ஆயினும் இருவர் 'அ'வை முதலாவதாக வைத்ததால் 'அ'வே வெல்கிறார். ஒரேயொரு நடுவரின் மனம் மாறினால் பதக்கத்தின் நிறமும் மாறக்கூடும்.

1994இல் யப்பானின் சீபா நகரில் நடந்தது இதுதான். 9 நடுவர்களில் 5 பேர் சாட்டோவையும் 4 பேர் பொனலியையும் தெரிவு செய்தனர். பரிசளிப்பின்போது பொனலி மேடையில் ஏற மறுத்து அருகில் நின்றார். பின்னர் கழுத்தில் இட்ட பதக்கத்தையும் கழற்றினார். அரங்கில் இருந்தோர் அதிருப்திக் குரல் எழுப்பினர்.

அவருடைய பாய்ச்சல்கள் வலிமையானவை, ஆனால் சறுக்கலில் நளினம் குறைவு என்பது ஒரு சாராரின் கருத்து. கறுப்பினத்தவர் என்பதாலும், வழமையான மெல்லிய உருவம் அவருக்கு இல்லாததாலுமே அழகுப் புள்ளி குறைந்தது என்பது மறுசாராரின் கருத்து. இரண்டில் ஒன்றைத்தான் ஏற்க வேண்டும் என்பதில்லை. சறுக்கலில் உண்மையான குறை இருந்திருக்கலாம். அந்தக் குறையைக் கண்ட கண் நடுநிலையாக இல்லாமலும் இருந்திருக்கலாம். அழகை அளக்க நாடா இல்லாதவரை இவ்வையம் தீராது.

1996இல் அவருடைய குதிக்காலின் தசைநாண் அறுந்தது. 1998 நாகானோ ஒலிம்பிக்கிற்கு வந்தபோது வயது 24. உடல் முன்போல் ஒத்துழைக்கவில்லை, பதக்க வாய்ப்பும் இல்லை. அந்நிலையில், நிகழ்ச்சியின் நடுவே பின்புறமாகக் குட்டிக்கரணம் அடித்து ஒற்றைக் காலில் தரையிறங்கினார். இது தடை செய்யப்பட்ட செயல். 1976 ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டெரி குபிக்கா இதைச் செய்த பின்னரே தடை வந்தது. ஆபத்தானது என்பதும், பாய்ச்சல் ஒற்றைக் காலில் முடிய வேண்டும் என்ற நெறிக்கு மாறாக இரு கால்களில் இறங்குவது என்பதும் கூறப்பட்ட காரணங்கள். பொனலி இறங்கியதோ ஒற்றைக் காலில். அப்படியிருந்தும் புள்ளி குறைக்கப்பட்டது. 10ஆம் இடத்துடன் அவருடைய ஒலிம்பிக் பயணம் நிறைவுற்றது. புள்ளி குறையும் என அறிந்தே செய்தார் என்பதைக் கவனியுங்கள்.

பிற்காலத்தில் விதிகளும் மாறின. 2002 சோல்ட் லேக் சிற்றி ஒலிம்பிக்கில் ஜோடிப் பிரிவுத் தீர்ப்பில் பெரும் சர்ச்சை எழுந்து, இரு ஜோடிகளுக்குத் தங்கம் வழங்க நேர்ந்தது. அதன் பின் 6 புள்ளி முறை கைவிடப்பட்டு, 2004இல் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் சுழற்சிக்கும் தனித்தனி அடிப்படைப் பெறுமதி வழங்கும் முறை ஏற்கப்பட்டது. குட்டிக்கரணத்திற்கான தடை 2024இல் நீக்கப்பட்டது. நாகானோ நிகழ்ச்சிக்கு அப்போது 26 ஆண்டுகள் கடந்திருந்தன.

பயிற்சி: 1994இல் பதக்கத்தைக் கழற்றியது, 1998இல் தடையை மீறியது ஆகிய பொனலியின் இரு செயல்களில் எதனை நீங்கள் ஏற்பீர்கள்? இரண்டையும் ஏற்கலாம், இரண்டையும் மறுக்கவும் செய்யலாம். விடையைக் காரணங்களுடன் 8 வசனங்களுக்கு மேற்படாமல் எழுதுக.