பறவை கத்தினால் பின்வாங்குங்கள்

வலசை வந்த வாத்துகளும் உள்ளான்களும் மார்ச், ஏப்ரலில் வடக்கே கிளம்பியதும், பலர் பைனாகுலரை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். புதிதாகப் பறவை பார்க்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது, இப்போதே தொடங்குங்கள் என்பதுதான். கண்ணில் படும் இனங்கள் குறையும், உண்மை. ஆனால் நம் ஊரிலேயே இருக்கும் பறவைகள் பல ஜோடி சேர்ந்து, கூடு கட்டி, குஞ்சு வளர்ப்பது இந்த மாதங்களில்தான்.

அடையாளம் காண்பதும் இப்போது எளிது. மற்ற மாதங்களில் மண்நிறத்தில் பதுங்கிக் கிடந்த மடையானின் முதுகு கருஞ்சிவப்பாகிவிடும். உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் ஆரஞ்சு பூசியதுபோல் மாறும். முக்குளிப்பானின் கழுத்தில் செங்கல் நிறம் ஏறும்.

இதற்காக வேடந்தாங்கலுக்கு ஓட வேண்டாம். அங்கே பறவைக் கூட்டம் கலையும் நேரம் இது. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஏரியையோ குளத்தையோ தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறையாவது போங்கள். ஒரே கூட்டைத் தொடர்ந்து பார்த்தால்தான் கதை புரியும். காலை ஆறு மணிக்குக் கரையில் இருங்கள், எட்டுக்குள் திரும்பிவிடுங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். 8x42 பைனாகுலர் தாராளமாகப் போதும்.

நீர் வற்றிய ஏரியில் முதலில் கவனிக்க வேண்டியது தண்ணீரை அல்ல, வெடித்துக் கிடக்கும் தரையை. செம்மூக்கு ஆள்காட்டி அங்கேதான் முட்டையிடும். கூடு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. சிறு பள்ளம், சுற்றிலும் கொஞ்சம் கூழாங்கல், மண்கட்டி. பெரும்பாலும் நான்கு முட்டைகள், கூர்முனைகள் உள்நோக்கி நெருங்கிக் கிடக்கும். மண்நிறத்தில் கரும்புள்ளிகள் என்பதால் காலடியில் இருந்தாலும் தெரியாது. வெயில் ஏறியதும் தாயும் தந்தையும் மாறி மாறி வந்து நிழல் கொடுக்கும். அடிவயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். அடைகாப்பது என்றால் சூடேற்றுவது என்றுதான் நினைக்கிறோம். மே மாத ஏரியில் குளிர வைப்பதும் அதே அளவு முக்கியம்.

நாம் கவனமாக இருக்க வேண்டிய காரணமும் இதுதான். நீங்கள் பக்கத்தில் நின்றால் அடைகாக்கும் பறவை எழுந்துவிடும். எழுந்தால் முட்டை வெயிலில் வேகும், அல்லது காகம் பார்த்துவிடும். ஆள்காட்டி தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்துகிறதா? பட்டாணி உப்புக்கொத்தி இறக்கை முறிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு ஓடுகிறதா? வாயில் புழுவோடு ஒரு பறவை கூட்டுக்குப் போகாமல் கிளையிலேயே தவிக்கிறதா? மூன்றுக்கும் ஒரே அர்த்தம்: நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். வந்த வழியே, காலடியைப் பார்த்துப் பின்வாங்குங்கள். பறவை மறுபடி தன் வேலையைத் தொடங்கும் தூரம்தான் சரியான தூரம்.

தண்ணீர் மிச்சமிருக்கும் இடத்தில், நாணலோரம் முக்குளிப்பானின் மிதக்கும் கூட்டைத் தேடுங்கள். கூட்டை விட்டு இறங்கும்போது பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போகும். குஞ்சுகள் பெற்றோரின் முதுகில் ஏறிச் சவாரி செய்வதைக் கரையிலிருந்தே பார்க்கலாம்.

பூங்காவில் தேன்சிட்டின் கூட்டைக் காய்ந்த குப்பை என்றே பலர் கடந்து போகிறார்கள். சிலந்தி நூலால் கட்டப்பட்டு, கிளை நுனியில் தொங்கும். வாசலுக்கு மேல் ஒரு சிறு தாழ்வாரம் இருக்கும். ஜூனில் காகம் ஒரு குயில் குஞ்சுக்கு ஊட்டுவதும் கண்ணில் படலாம்.

கூட்டுக்குப் பக்கத்தில் போய்ப் படம் எடுக்காதீர்கள்; மறைக்கும் இலையை விலக்காதீர்கள்; செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். கூடு இருக்கும் இடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடவும் வேண்டாம். பாதுகாக்கப்பட்ட பறவைகளின் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஏரிக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடினால், ஆள்காட்டி முட்டையைத் தூரத்திலிருந்து காட்டி, பிட்ச்சைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். பையன்களே காவலுக்கு நிற்பார்கள்.

நடைபாதையில் இறகு முளைத்த குஞ்சு உட்கார்ந்திருந்தால் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். பறக்கப் பழகும் குஞ்சு அது. தாய் அருகில்தான் இருக்கும். நாயோ பூனையோ சுற்றினால் மட்டும் பக்கத்துப் புதரில் தூக்கி வைத்துவிட்டு விலகுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது தவறான நம்பிக்கை.